கற்ற பிறகு மூளை சும்மா இருக்கும்போது: செமினாருக்கும் நேர்காணலுக்கும் இந்தத் தலைப்பைப் படிக்கும் விதம்

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் லைஃப் சயின்ஸ் பாடத்திட்டத்தில் பரிணாமமும் நடத்தையும் என்ற அலகைப் பார்த்தால், கற்றல், நினைவு, உறக்கம், விழிப்பு ஆகியவற்றின் நரம்பியல் அடிப்படை என்று ஒரே ஒரு வரி வரும். அந்த வரிக்குள் ஒரு துறையே உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்து எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் செமினார் கொடுத்தேன். ஒன்றைக் கற்றபின், வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் இல்லாத நேரத்தில் நியூரான் (நரம்பு செல்) வலையமைப்பு தானாகக் காட்டும் செயல்பாடு (தன்னியல்புச் செயல்பாடு) எப்படி மாறுகிறது என்பதுதான் தலைப்பு. பிஎச்.டி. நேர்காணலில் பிடித்த பாடம் என்னவென்று கேட்டபோதும் இதையே சொன்னேன். இதை எடுக்க நினைப்பவர்கள் எந்த வரிசையில் படித்தால் பிடிபடும், எங்கே மடக்குவார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முன்னுரைக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ஹான்ஸ் பெர்கர் 1929-இல் மனித இஇஜி (தலையில் மின்முனை வைத்து எடுக்கும் மூளை மின்பதிவு) பற்றி வெளியிட்டபோதே, கண்ணை மூடிச் சும்மா இருப்பவரின் மூளையிலும் ஒழுங்கான அலை ஓடுவது தெரிந்துவிட்டது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருக்கும் மூளை, ஓய்விலும் உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. இவ்வளவு போதும். ‘அந்த ஓய்வுச் செயல்பாடு வெறும் இரைச்சலா, இல்லை அதில் கற்றதன் தடம் இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டு நேராகச் சோதனைக்குப் போய்விடுங்கள்.

முதலில் படிக்க வேண்டியது மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1994-இல் சயின்ஸ் இதழில் எழுதிய பேப்பர். மூன்றே எலிகள்தான். ஹிப்போகேம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) இருக்கும் பிளேஸ் செல்களை (எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிப்பவை, அதாவது மின்சமிக்ஞை எழுப்புபவை; 1971-இல் ஓ’கீஃப் குழு கண்டது) கூட்டமாகப் பதிவு செய்தார்கள். ஓடும்போது மட்டும் பதிவு செய்திருந்தால் இந்தப் பேப்பருக்கு இவ்வளவு புகழ் வந்திருக்காது. ஓடுவதற்கு முன் ஒரு தூக்கம், பிறகு ஓட்டம், அதற்குப் பின் இன்னொரு தூக்கம் என மூன்றையும் பதிவு செய்தார்கள். ஓட்டத்தின்போது சேர்ந்து துடித்த செல் ஜோடிகள், பின்வந்த ஆழ்ந்த உறக்கத்திலும் முன்பைவிட அதிகமாகச் சேர்ந்து துடித்தன.

இந்த ‘முன்பைவிட’தான் முழுத் தலைப்புக்கும் சாவி. இந்தத் துறையில் எந்தப் பேப்பரைக் கையில் எடுத்தாலும் ‘கற்பதற்கு முன்னாடி எப்படி இருந்தது?’ என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு, கற்றல்தான் இதைச் செய்தது என்று சொல்ல முடியாது.

நேர்காணலில் என்னிடம் வந்த முதல் குறுக்குக் கேள்வியும் இதிலிருந்துதான். “எலி நிறைய ஓடியிருக்கிறது. அதனாலேயே எல்லா செல்களும் கொஞ்சம் அதிகமாகத் துடித்திருக்கலாமே, நீங்கள் ஏன் நினைவு என்கிறீர்கள்?” பதில் அதே பேப்பருக்குள் இருக்கிறது. ஓட்டத்தின்போது துடித்தாலும் வெவ்வேறு இடங்களில் துடித்த ஜோடிகளில் அந்த உயர்வு இல்லை. பொதுவான பரபரப்பு என்றால் அவையும் கூடியிருக்க வேண்டும். ஒரே எலிக்குள்ளேயே கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் குழு) இருக்கிறது என்று சொன்னதும் அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

அடுத்து, இது எப்படி நடக்கிறது என்பது. சேர்ந்து துடிக்கும் நியூரான்களின் இணைப்பு வலுக்கும் என்று ஹெப் 1949-இல் சொன்ன கருத்தையும், பிளிஸ், லோமோ இருவரும் 1973-இல் முயலின் ஹிப்போகேம்பஸில் காட்டிய நீடித்த சினாப்ஸ் (நியூரான்களுக்கு இடையிலான இணைப்பு) வலுவூட்டலையும் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அதைத் தன்னியல்புச் செயல்பாட்டோடு இணைக்கும் இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஹிப்போகேம்பஸின் சிஏ3 என்ற பகுதியில் நியூரான்கள் ஒன்றோடொன்று திரும்பத் திரும்ப இணைந்திருக்கின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தி குறையும்போது அந்த இணைப்புகள் மீதான கட்டுப்பாடு தளர்கிறது, வலையமைப்பு தானாகவே வெடிப்பு வெடிப்பாகத் துடிக்கிறது. எங்கே சினாப்ஸ்கள் ஏற்கெனவே வலுத்திருக்கின்றனவோ அந்த வழியே துடிப்பு எளிதாகப் பரவும். அதைத்தான் பக்கத்துப் பகுதியான சிஏ1-இல் ஷார்ப் வேவ் ரிப்பிள் (சுருக்கமாக ரிப்பிள்) என்ற வேகமான அலையாகப் பார்க்கிறோம். எலியில் நொடிக்கு சுமார் 150 முதல் 250 வரை அதிர்வு. எலி சில நொடிகள் ஓடிய பாதையின் செல் வரிசை, ரிப்பிளில் 100 மில்லிநொடி அளவுக்குள் சுருங்கி ஓடிவிடும். விழித்திருக்கும்போதும் இது உண்டு. ஓடி முடித்து நின்ற எலியில் வரிசை தலைகீழாக ஓடுவதை ஃபாஸ்டரும் வில்சனும் 2006-இல் காட்டினார்கள். கரும்பலகையில் வரையச் சொன்னால் இந்த ஒரு படத்தை வரையுங்கள்: மேலே ஓட்டத்தின் வரிசை, கீழே சுருங்கிய வரிசை, பக்கத்தில் நேர அளவுகோல். நேர அளவுகோல் இல்லாமல் வரைந்தால் சுருக்கம் என்ற விஷயமே படத்தில் தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் தொடர்பு மட்டுமே, காரணம் இல்லை. இந்த வாக்கியத்தைத் தேர்வாளர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டால் நல்லது. சொன்ன கையோடு 2009-இல் ஜிரார்டோ குழுவின் சோதனையைக் கொண்டுவாருங்கள். எட்டுக் கைகள் (கிளைப் பாதைகள்) உள்ள புதிர்ப்பாதையில் எப்போதும் அதே மூன்று கைகளில் உணவு. பயிற்சிக்குப் பின் எலி உறங்கும்போது, ரிப்பிள் தொடங்கியதுமே சிறு மின்தூண்டல் கொடுத்து அதைக் கலைத்தார்கள். அந்த எலிகள் கற்பதில் பின்தங்கின. எனக்கு இந்தப் பேப்பரில் மிகவும் பிடித்தது கன்ட்ரோல் குழு: அவற்றுக்கும் அதே மின்தூண்டல் உண்டு, ஆனால் ரிப்பிள் முடியட்டும் என்று 80 முதல் 120 மில்லிநொடி தள்ளி. அவை நன்றாகவே கற்றன. மின்சாரம் கெடுத்ததா, ரிப்பிள் போனது கெடுத்ததா என்ற சந்தேகத்துக்கு இதைவிடச் சுத்தமான பதில் எனக்குத் தெரிந்து குறைவு.

சரி, இனிதான் கரடுமுரடான பகுதி. டிராகோயும் டோனேகாவாவும் 2011-இல் சொன்னது இதுதான்: எலி இன்னும் பார்க்காத பாதைக்கான செல் வரிசையே, அதற்கு முந்தைய ஓய்வில் இருக்கிறது. இதை ப்ரீப்ளே என்கிறார்கள். அப்படியானால் கற்றல் புதிதாக எதைச் செய்தது? 2015-இல் சில்வா, ஃபெங், ஃபாஸ்டர் மூவரும், தங்கள் தரவில் முன் அனுபவம் இல்லாமல் இத்தகைய வரிசைகள் தென்படவில்லை என்று எழுதினார்கள். 2016-இல் கிராஸ்மார்க்கும் புஸாகியும் நடுவழி ஒன்றைக் காட்டினார்கள்: வேகமாகத் துடிக்கும் செல்கள் முன்னும் பின்னும் பெரிதாக மாறுவதில்லை, மெதுவாகத் துடிக்கும் செல்கள்தான் அனுபவத்துக்குப் பின் வரிசையில் புதிதாகச் சேர்கின்றன. என் சாய்வு இந்தக் கடைசிப் பக்கம்தான். ஆனால் நேர்காணலில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் வரிசையின் மேல் கற்றல் வேலை செய்கிறது என்றும், எவ்வளவு ஏற்கெனவே இருக்கிறது என்பதில்தான் சண்டை என்றும் சொன்னால் போதும்.

ஹிப்போகேம்பஸோடு நின்றுவிட்டால் தலைப்பு குறுகிவிடும். மூளையின் வெளிப்புற அடுக்கான கார்டெக்ஸுக்கு இரண்டு பேப்பர் போதும். லூயிஸ், கோர்பெட்டா குழு 2009-இல் மனிதர்களுக்கு ஒரு பார்வைப் பயிற்சி கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் ஓய்வு நிலையில் எஃப்எம்ஆர்ஐ (மூளைச் செயல்பாட்டை ரத்த ஓட்ட மாற்றத்தின் வழியே காட்டும் ஸ்கேன்) எடுத்தார்கள். பார்வைப் பகுதிக்கும் கவனத்துக்கான பகுதிகளுக்கும் இடையிலான தன்னியல்பு ஒத்திசைவு மாறியிருந்தது. பெர்கெஸ், ஃபிஷர் குழு 2011-இல் ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கில், பிறந்து 29 நாள் முதல் 151 நாள் வரை வயதுள்ளவற்றை ஒப்பிட்டது. வயது கூடக்கூட, இருட்டில் எழும் செயல்பாடு, இயற்கைக் காட்சிகளைப் பார்க்கும்போது எழுவதை ஒத்துவந்தது. ஆனால் இங்கே வளர்ச்சியும் கற்றலும் பிணைந்திருக்கின்றன, அதைக் கேட்பார்கள்.

சினாப்ஸ்கள் வலுத்துக்கொண்டே போனால் வலையமைப்பு வலிப்புக்குப் போய்விடாதா என்பது வைவாவில் வழக்கமாக வரும் கேள்வி. 1998-இல் டுரிஜியானோ குழு வளர்ப்புத் தட்டிலுள்ள கார்டெக்ஸ் நியூரான்களில் காட்டியதைச் சொல்லுங்கள். இரண்டு நாள் துடிப்பை முடக்கினால் சினாப்ஸ்கள் வலுக்கும், துடிப்பை ஏற்றிவிட்டால் பலவீனப்படும், அதுவும் ஒரே விகிதத்தில். விகிதம் மாறாததால் கற்ற வேறுபாடு அழியாது.

நெட் தேர்வுக்கு மட்டும் படிப்பவர்கள் ப்ரீப்ளே சண்டைக்குள் இறங்க வேண்டாம். மூன்றாம் பகுதியில் 75 கேள்வியில் 25-க்கு விடையளித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். வரைபடம் கொடுத்துக் கேட்கும் கேள்விகளில் கன்ட்ரோலைக் கண்டுபிடிக்கும் பழக்கமே கைகொடுக்கும். அப்புறம், பேப்பருக்குக் கல்லூரிச் சந்தா இல்லையென்றால் லூயிஸ், பெர்கெஸ் இரண்டும் பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம்.