பின் சக்கர பிரேக்: டிரம்மா, டிஸ்க்கா?

சக்கரத்தின் இடைவெளி வழியே பாருங்கள். பளபளக்கும் தட்டும் அதைக் கவ்வும் காலிப்பரும் தெரிந்தால் டிஸ்க். மூடிய இரும்புக் கிண்ணம் போலிருந்தால் டிரம். சின்ன கார்களில் பெரும்பாலும் இதுதான்.

டிரம்மைக் கழற்றுமுன் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். விடுவிக்காவிட்டால் உள்ளிருக்கும் ஷூ (டிரம்மின் உட்சுவரில் அழுந்தும் வளைந்த பிரேக் கட்டை) டிரம்மை இறுகப் பிடித்துக்கொள்ளும். டிரம் முகத்தில் மரையுள்ள இரண்டு துளைகள் இருந்தால், பொருத்தமான போல்ட்டுகளை மாறி மாறி முறுக்குங்கள். தானே வெளியே வரும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் விளிம்பு உடையலாம்.

உள்ளே இருக்கும் தூசியை ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். லைனிங் 1 மி.மீ.யை நெருங்கிவிட்டால் ஷூ மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்தே. ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் சொட்டினால் பிரேக் ஆயில் கசிகிறது. அதில் ஊறிய ஷூவைக் கழுவிப் பயனில்லை. டிரம்மில் பொறித்துள்ள அதிகபட்ச விட்டத்தைத் தாண்டித் தேய்ந்திருந்தால் டிரம்மும் புதிது வேண்டும்.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடம் மறந்தால் பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை பல வண்டிகளில் எதிரெதிர். மாற்றிப் போட்டால் ஷூ தேயத் தேய இடைவெளி கூடும். ஹேண்ட்பிரேக் லீவர் அளவுக்கு அதிகமாக மேலே வருகிறதா? முதலில் ஷூவைச் சரிசெய்யுங்கள், கேபிளை அப்புறம்.