திரைக்கு முன்னால்

இது அம்மாவின் நேர்த்திக்கடன். நான் சிறுமியாக இருந்தபோது அப்பா படுத்த படுக்கையாகிவிட, மஞ்சள் துணியில் காசு முடிந்து, "கதிர்காமத்தானே, இவரை எழுப்பி உட்கார வை, உன் வாசலுக்கு வந்து செலுத்துறேன்" என்று அம்மா வேண்டிக்கொண்டார். அப்பா எழுந்து உட்கார்ந்தார். ஆனால் 1983 வந்தது, கதிர்காமம் இருக்கும் இலங்கையில் போர் மூண்டது. அதன்பிறகு 2009 வரை இலங்கைக்குப் போவது பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. போர் முடிந்த நேரத்தில் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. பூஜை மாடத்திலேயே கிடந்த அந்த முடிச்சை இந்த வருடம் என் கையில் வைத்து, "நீயாவது போயிட்டு வாடி" என்றார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி காங்கேசன்துறையில் இறங்கியதிலிருந்து தனியாகத்தான் வருகிறேன். கடலை ஒட்டியே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணி, நிமிடம் பிசகாமல் பூசை நடக்கும் நல்லூர், பாலாவிக் கரையில் திருக்கேதீஸ்வரம், பாறை உச்சியில் கோணேஸ்வரம் என்று எல்லாம் ஆயிற்று. இப்போது கதிர்காமத்தில் இருக்கிறேன். இனி கொழும்பு, அப்புறம் விமானம்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் அன்னதானப் பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "தனியவோ வந்தனீங்கள் பிள்ளை? வடிவாச் சாப்பிடுங்கோ" என்று என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதிர்காமம் போகிறேன் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். கதிர்காமப் பாதயாத்திரை அந்தச் சந்நிதியிலிருந்துதான் புறப்படும். அங்கேயும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமே இல்லாமல் பூசை செய்கிறார்கள். கதிர்காமத்தில் காணப் போவதை முருகன் எனக்கு முன்கூட்டியே காட்டிவிட்டான்.

மட்டக்களப்பிலிருந்து மொனராகலை, அங்கிருந்து புத்தல வழியாகக் காட்டுச் சாலை. பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை. எனக்குச் சிங்களம் ஒரு வார்த்தை தெரியாது. நடுவழியில் சாலையை மறித்துக்கொண்டு ஒற்றை யானை நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார், பேருந்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்கள அம்மா ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கதரகம தெய்யோ, கதரகம தெய்யோ" என்று முணுமுணுத்தார். நான் "முருகா, முருகா" என்றேன். யானை தானாக ஒதுங்கிக் காட்டுக்குள் போனது. அந்த அம்மா நகர்ந்து, தன் இருக்கையில் எனக்குப் பாதி இடம் கொடுத்தார்.

கோயில் வாசலில் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாணிக்க கங்கையில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்களைப் பழத்தட்டு விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். இந்தியா என்று தெரிந்தால் விலை இரண்டு மடங்கு. "வரிசை வேணாம், உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் பாலம் தாண்டும்வரை விடவில்லை. கந்தன் பெயரைச் சொல்லிக் காசு பறிப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. உள்ளே போனால் நெரிசல், தலைக்கு மேல் தூக்கிய கைப்பேசிகள்.

அங்கே மூலவரைக் காண முடியாது. வள்ளி தெய்வானையோடு முருகனை வரைந்த திரைதான் தொங்குகிறது. அதற்கு அப்பால் கப்புறாளைமார் என்ற பூசகர்கள் மட்டுமே போவார்கள். தெரிந்துதான் வந்தேன், ஆனாலும் மனம் கேட்கவில்லை. இத்தனை வருடக் கடன், ஒரு கணம் முகத்தைக் காட்டக் கூடாதா என்று உள்ளுக்குள் சண்டை போட்டபடியே நின்றேன். மணிகள் எல்லாம் ஒன்றாக முழங்கின. வெள்ளைத் துணியால் வாய் கட்டிய கப்புறாளை என் தட்டை வாங்கினார். பழங்களுக்கு நடுவே அம்மாவின் முடிச்சு இருந்தது. மஞ்சள் வெளுத்து, முடிச்சின் மடிப்பில் மட்டும் பழைய நிறம் தங்கியிருந்தது. திரையின் ஓரம் ஒரு சாண் விலகியது, தட்டு உள்ளே போனது, திரை மறுபடி விழுந்தது. காற்றில் அது அசைய அசைய, தீட்டியிருந்த வேலும் அசைந்தது. அவ்வளவுதான். என்னால் நிற்க முடியவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து "அப்பா, அப்பா" என்று அழுதேன். என்னைப் பெற்ற அப்பாவைக் கூப்பிட்டேனா, அவனைக் கூப்பிட்டேனா, சொல்லத் தெரியவில்லை. தட்டு திரும்பி வந்தபோது பாதிப் பழம் இருந்தது, முடிச்சு இல்லை.

சம்பந்தர் ராமேஸ்வரத்தில் நின்றுதான் கோணமலையையும் கேதீஸ்வரத்தையும் பாடினார் என்பார்கள். நேரில் காணாமலே அத்தனை பாட்டு. அம்மாவும் காணாமல்தான் இத்தனை வருடம் கும்பிட்டார். அப்பாவை எழுப்பி உட்கார வைத்தவனிடம் முகத்தைக் காட்டு என்று நான் கேட்க என்ன இருக்கிறது? முன்பின் தெரியாத ஊரில் எனக்கு இலை போட்டதும், இருக்கை தந்ததும், யானையை ஒதுக்கியதும் அவன்தானே. என் அப்பனே, என்ன கைம்மாறு செய்வேன்!

இரவு அம்மாவுக்கு போன் போட்டேன். "திரை என்ன நிறம்டி?" என்று ஆரம்பித்து, மயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுவரை விடாமல் கேட்டார். தனக்காகவும் ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் அதை உடைத்துவிட்டு, செல்லக்கதிர்காமத்துப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும். இன்னொரு வேண்டுதலும் வைத்திருக்கிறேன்: ஒருமுறை சந்நிதியிலிருந்து ஒகந்தைக் காட்டு வழியாக நடந்தே வர வேண்டும். கால்களைத் திடமாக வைத்துக்கொள்வது அவன் பொறுப்பு.