ஈசூன், நான்காவது மாடி

நவம்பர் 8, சனி
காரில் மறுபடியும் இன்ஜின் எச்சரிக்கை மஞ்சள் விளக்கு. அப்பாவை டயாலிசிஸ் மையத்துக்கு டாக்சியில் கூட்டிப்போனேன். போக வர முப்பத்தேழு வெள்ளி.

நவம்பர் 9, ஞாயிறு
காலை ஆறரைக்கே நான்காவது மாடிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டேன். இன்ஜின் நன்றாக ஆறியிருந்தது. மாற்ற வேண்டியது சூப்பர்சார்ஜரில், அதாவது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் கருவியில், காற்றின் வெப்பத்தை அறியும் சென்சார். அதைப் பிடித்திருப்பது நட்சத்திர வாய் கொண்ட ஒரே ஒரு டார்க்ஸ் திருகு, கால் நிமிடத்தில் கழன்றது. சென்சார் அசையவில்லை. பத்தொன்பது வருடச் சூட்டில் ரப்பர் வளையம் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருக்கிறது. நெம்ப மனசு வரவில்லை. துளையின் வாயில் ஒரு கீறல் விழுந்தால் புது வளையம் போட்டாலும் காற்று கசியும்.

நவம்பர் 10
எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். மழை.

நவம்பர் 11, செவ்வாய்
ஊசி ஏற்றிய கையை அசைக்காமலே அப்பா சிரித்தார். "சூப்பர்சார்ஜர் என்னடா, புளோவர்னு சொல்லு." கப்பல் பட்டறையில் பழைய டூ ஸ்ட்ரோக் டீசல்களில் பார்த்தாராம். ரூட்ஸ் புளோவர். நான் சின்ன வயதில் வேர் என்று நினைத்த பெயர். அண்ணன் தம்பி இருவரின் குடும்பப் பெயர் அது. 1860இல் காப்புரிமை வாங்கினார்கள், உலைக்குக் காற்று ஊதப் பயன்பட்டது. நான்கு மணி நேரத்தில் பாதி இந்தப் பேச்சிலேயே போனது. கிளம்பும்போது, "இழுக்காதே, திருப்பு. சுத்த ஆரம்பிச்சா தானா வரும்."

நவம்பர் 12
திருப்பினேன். சென்சாரின் தலை மட்டும் உடைந்து கையோடு வந்துவிட்டது.

நவம்பர் 13, வியாழன்
அப்பாவை மையத்தில் விட்டுவிட்டு நேரே நான்காவது மாடிக்கு. ஃபிளாஸ்கில் வெந்நீர், பழைய துண்டு. நனைத்துப் பிழிந்து துளையைச் சுற்றிப் போர்த்தினேன், ஆறியதும் மறுபடி. ஐந்தாம் முறைக்குப் பிறகு, மீதியிருந்த தண்டில் ஒரு மரத்திருகை நிதானமாக ஏற்றி, குறடால் பிடித்து இடமும் வலமும் திருப்பித் திருப்பி இழுத்தேன். 'ப்ளக்'.

கத்த வேண்டும்போல் இருந்தது. அப்புறம்தான் நுனியைப் பார்த்தேன். வெப்பம் அறியும் மணியைச் சுற்றி பிளாஸ்டிக் கால்கள். மூன்றுதான் இருக்கின்றன. நான்காவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு.

சூப்பர்சார்ஜரில் காற்று வெளியே போகும் பக்கம் என்றால் உடைந்த துண்டு, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் மாட்டிக்கொள்ளும். என்னுடையது உள்ளே வரும் பக்கம். அங்கே இரண்டு ரோட்டர்கள், ஒன்றையொன்று தொடாமல் பின்னிக்கொண்டு, மயிரிழை இடைவெளியில், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். அவற்றைக் கெடுக்க நெல் அளவு பிளாஸ்டிக் போதும்.

அப்பாவை அழைக்க இருபது நிமிடம் தாமதம். ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 14
சின்ன வேக்குமின் வாயில் மீன்தொட்டிக் குழாயைச் செருகி உறிஞ்சினேன். பையைக் கிழித்துச் செய்தித்தாளில் கொட்டினேன். கறிவேப்பிலை, ஊக்கு, அம்மாவின் பொட்டு ஒன்று. அம்மா போய் இரண்டு வருடம். பொட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, சனி
டாக்சி. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, பாதியில் நிறுத்தினார்கள்.

நவம்பர் 16
பெல்ட்டைக் கழற்றி, ரோட்டர்களைச் சுற்றும் கப்பியைக் கையால் சுற்றினேன். வழவழவென்று சுற்றியது. மறுபடி சுற்றினேன். எங்கோ 'டிக்' என்றதா, என் மோதிரமா? மோதிரத்தைக் கழற்றிவிட்டுச் சுற்றினேன். சத்தமில்லை. போட்டுக்கொண்டு சுற்றினேன். அப்போதும் சத்தமில்லை.

நவம்பர் 17
சாலை வரி 30ஆம் தேதி முடிகிறது. அதற்குள் வருடச் சோதனை. பத்து வயது தாண்டிய கார், தப்ப முடியாது.

நவம்பர் 18, செவ்வாய்
சின் மிங் பட்டறை அங்கிள் பாம்புக் கேமரா இரவல் தந்தார். எண்ணெய்ப் படலம், ரோட்டரின் பளபளப்பு, வேறொன்றும் இல்லை. இல்லை என்பதை எத்தனை நேரம் பார்ப்பது?

"இன்னைக்கும் டாக்சியா?" என்றார் அப்பா.

நவம்பர் 19
புது சென்சார் வந்தது. வளையத்தில் லேசாக கிரீஸ் தடவும்போதுதான் எண்ணினேன். இதற்கும் கால் மூன்றுதான்.

அப்படியானால் அந்தத் தழும்பு?

நவம்பர் 20, வியாழன்
மாட்டிவிட்டேன். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. சத்தத்தை அப்பாதான் முதலில் கேட்பாராம். சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.