ஒல்லியான பிள்ளைக்கும் சர்க்கரை நோய் வரும்

அக்கா மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவு ஒல்லியா இருக்காளே, இவளுக்கு எப்படி? ரொம்ப இனிப்பு குடுத்தீங்களோ?" அக்கா பதில் சொல்வதையே விட்டுவிட்டாள். அவளுக்காக நான் எழுதுகிறேன்.

இது இனிப்பு தின்று வருவதில்லை. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. சர்க்கரை சிறுநீரில் போகும், கொழுப்பும் தசையும் கரையும். அவள் இளைத்ததே நோயால்தான். சீருடைப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்ப வேண்டியிருந்தது.

சரி, எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. எடை கூடினால் பீட்டா செல்களுக்கு வேலைப்பளு ஏறி அவை சீக்கிரம் அழிகின்றன என்ற கருத்தை, 2001-இல் இங்கிலாந்து மருத்துவர் டெரன்ஸ் வில்கின் முன்வைத்தார். அதில் இன்னும் விவாதம் இருக்கிறது. சிறுவயதில் அதிக எடை உள்ளவர்களுக்கு ஆபத்து ஓரளவு கூடுதல் என்று பின்னால் வந்த பல ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் எடை மட்டும் காரணமாகாது. ஒல்லியாக இருப்பது பாதுகாப்பும் இல்லை.

பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடித்தால், விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பினால், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால், அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பாருங்கள். கூடவே வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.