பழைய கூடு, புது மோட்டார்

என் மாடல் ரயில் எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். பல்சக்கரத்தில் முடியளவு விரிசல்.

அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக், வருஷம் போகப்போகச் சுருங்கி வெடித்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வந்ததும் ரயில் ஒரு நொண்டு நொண்டும். நானோ இத்தனை மாதமாகத் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்!

அதே மாடலின் புதுப் பதிப்பு, மேல்கூடு உடைந்தது, ஒன்று கைக்கு வந்தது. இரண்டும் 1:87 அளவு, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. சக்கரங்கள் அச்சோடு சமர்த்தாக மாறிக்கொண்டன.

மோட்டார்தான் படுத்தியது.

பழையதில், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்களில் ஒன்று உலோகச் சட்டத்தோடு ஒட்டியே இருக்கும். சாதாரண நேர்மின்சாரத்தில் அது ஒரு குறையே இல்லை. அப்படியே டிஜிட்டல் டீகோடரை, அதாவது தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்னச் சுற்றை, இணைத்தால் புகைதான். அதனால் புது மோட்டாரை அதன் பிளாஸ்டிக் இருக்கையோடு பெயர்த்தெடுத்து, சட்டத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி உட்கார வைத்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன், சட்டத்தோடு தொடர்பே இல்லை. அப்பாடா.

முன்விளக்கில் எல்இடி. வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரி மாதிரி எரிந்தது. ஆரஞ்சு பெயிண்ட் ஒரு சொட்டு வைத்த பிறகுதான் முகத்துக்குக் களை வந்தது.

இப்போது எறும்பு மாதிரி ஊர்கிறது. சத்தமே இல்லை. இதில் பழசு என்று மிச்சமிருப்பது கூடும் சட்டமும்தான், ஆனாலும் எனக்கு இது அதே ரயில்தான்.

பக்கவாட்டுக் கீறலுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. முதல்முறை மேஜையிலிருந்து விழுந்தபோது பட்டது அது.