திறன் அடிப்படையிலான நேர்காணலுக்கு நான் தயாரான விதம்

வேலைக்கு வேண்டிய திறன்களை, முன்பு உண்மையில் நடந்த சம்பவங்களைக் கேட்டு எடைபோடுவதுதான் திறன் அடிப்படையிலான நேர்காணல். அப்படி ஒன்றில் முதன்முறை உட்கார்ந்தபோது, அது அத்தகைய நேர்காணல் என்பதே எனக்குத் தெரியாது. கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, குழுத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தேன். "உடன் பணிபுரிபவரோடு கருத்து வேறுபாடு ஏற்பட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள், அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "அப்படி ஏற்பட்டால் பொறுமையாகக் கேட்டு, பேசித் தீர்த்துக்கொள்வேன்" என்றேன். நடந்ததைக் கேட்டவர்களிடம், நடந்தால் என்ன செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றக் கேள்விகளுக்கும் அதே தோரணையில்தான் பதில் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை.

அடுத்த வாய்ப்பு ஏழு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தில் வந்தது. நேர்காணல் எந்த வகை என்பதை அழைப்புக் கடிதத்திலேயே குறிப்பிட்டிருந்ததால், இப்படி ஏன் கேட்கிறார்கள் என்பதைத் தேடிப் படிப்பதிலிருந்து தொடங்கினேன். ஒரு வேலையை ஒருவர் நன்றாகவோ மோசமாகவோ செய்த குறிப்பிட்ட சம்பவங்களைத் திரட்டி ஆராயும் முறையை, ஜான் ஃபிளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் விரிவாக எழுதினார். 1973-இல் டேவிட் மெக்லெலண்ட் என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர், அறிவுத்திறன் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட, அந்த வேலைக்கு உண்மையில் வேண்டிய திறனைச் சோதிக்க வேண்டும் என்று வாதிட்டார். முன்பு நடந்துகொண்ட விதம் இனி நடந்துகொள்ளப்போகும் விதத்துக்கு நல்ல அடையாளம் என்ற நம்பிக்கையே இந்தக் கேள்விகளின் அடித்தளம். அவர்கள் என்னிடம் எதிர்பார்த்தது சான்று என்பது அப்போதுதான் விளங்கியது.

பணி விவரக் குறிப்பை அச்செடுத்து, அதில் வேண்டியவையாகச் சொல்லப்பட்ட திறன்களை அடிக்கோடிட்டேன். குழுவை வழிநடத்துதல், பிழைகளைக் கையாளுதல், கடினமான செய்தியைச் சொல்லுதல் என ஆறு வந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக என் வேலையிலிருந்து ஒரு சம்பவத்தையாவது எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். எட்டு ஆண்டுகள் உழைத்தும், முதல் நாள் மாலை இரண்டு சம்பவங்களுக்கு மேல் நினைவுக்கு வரவில்லை என்பது வருத்தமாகத்தான் இருந்தது. பழைய மின்னஞ்சல்களையும் நாட்குறிப்பையும் புரட்டிய பிறகே ஒன்பது சம்பவங்கள் தேறின. ஒரே சம்பவம் இரண்டு மூன்று திறன்களுக்குப் பொருந்தியதால், எந்தக் கேள்விக்கு எதைச் சொல்வது என்று ஒரு கட்டம் போட்டு வைத்துக்கொண்டேன்.

அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு விநியோகிப்பாளரின் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருந்தது. பில் எண் ஒரு முறை நடுவே கோட்டுடனும், மறுமுறை கோடு இல்லாமலும் பதிவாகியிருந்ததால், மென்பொருள் அவற்றை இரண்டு பில்களாகவே எடுத்துக்கொண்டது. மாத இறுதியில் கணக்கை ஒத்துப்பார்க்கும்போது நான் அதைக் கண்டுபிடித்தேன். இதை 'ஸ்டார்' (STAR) முறைப்படி, அதாவது சூழல் (Situation), பணி (Task), செயல் (Action), விளைவு (Result) என்ற வரிசையில் எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்துக் கைபேசியில் பதிவு செய்து கேட்டபோது இரண்டு குறைகள் தெரிந்தன. நான்கு நிமிடப் பேச்சில் ஏறத்தாழ மூன்று நிமிடம் சூழலுக்கே போயிருந்தது. அதைவிட முக்கியமாக, என் வினைச்சொற்கள் எல்லாம் 'கண்டுபிடித்தோம்', 'பேசினோம்', 'திருத்தினோம்' என்றே முடிந்தன. எஞ்சியவை 'சரிசெய்யப்பட்டது' என்ற வகை. தன்னைப் பற்றிப் பேசுவது தற்பெருமையாகிவிடும் என்ற கூச்சம் எனக்கு உண்டு. ஆனால் மதிப்பெண் போடுபவருக்கு அந்த 'ஓம்' என்ற விகுதியில் என் பங்கு எது என்று தெரிய வழியே இல்லை.

ஆகவே ஒவ்வொரு வினையையும் எடுத்து, இதை உண்மையில் யார் செய்தது என்று கேட்டுக்கொண்டேன். மேலாளரிடம் அன்றைக்கே சொன்னது நான். விநியோகிப்பாளரோடு பேசி, கூடுதல் தொகையை அடுத்த பில்லில் கழிக்க ஏற்பாடு செய்ததும் நான். ஓராண்டுப் பதிவுகளைச் சலித்து மேலும் இரண்டு இரட்டைப் பதிவுகளை எடுத்தது நானும் ஒரு சக ஊழியரும். அதை அப்படியே 'ஓம்' என்று விட்டுவைத்தேன். சூழலை மூன்று வாக்கியங்களுக்குள் சுருக்கியதும் முழுப் பதிலும் இரண்டரை நிமிடத்தில் அடங்கியது.

மனப்பாடம் செய்யவில்லை, செய்யவும் கூடாது என்பதே என் கருத்து. என் தோழியைக் கேள்வி கேட்கச் சொன்னேன். "ஏன் அப்படிச் செய்தாய்? வேறு வழி யோசித்தாயா?" என்று அவள் குறுக்கிட்டபோதெல்லாம், மனப்பாடமாக இருந்த பகுதிகள்தான் முதலில் உடைந்தன.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பதாகவும், பதில்களைக் குறித்துக்கொண்டே இருக்கப்போவதாகவும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்கள் தலையசைக்காததைக் கண்டு கலங்காமல் இருக்க அது உதவியது. ஒரு கேள்விக்கு அரை நிமிடம் யோசிக்க அனுமதி கேட்டேன், தயங்காமல் தந்தார்கள். பிழைகளைக் கையாண்டது பற்றிய கேள்விக்கு இரட்டைப் பில் சம்பவத்தைச் சொல்லி முடித்ததும், அவர்களில் ஒருவர், "அந்தப் பதிவைச் செய்தவர் அதன் பிறகு உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்?" என்று கேட்டார். இதற்கு நான் தயாராகியிருக்கவில்லை. மேலாளரிடம் போவதற்கு முன் அவரிடம் நான் சொல்லவில்லை என்பதையும், அவர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை என்பதையும், நானே போய் வருத்தம் தெரிவித்த பிறகுதான் பேச்சு தொடங்கியது என்பதையும் உள்ளபடியே சொன்னேன். "இப்போதானால்?" என்றார். "முதலில் அவரிடம்தான் போவேன், அதற்குப் பிறகு வந்த இன்னொரு பிழையில் அப்படித்தான் செய்தேன்" என்று சொல்லி, அந்தச் சம்பவத்தையும் விவரித்தேன்.

பத்து நாளில் நியமனக் கடிதம் வந்தது. ஒன்பது சம்பவங்கள் எழுதிய அந்த நோட்டில் இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் நான் செய்ததில் ஒன்றைத் தேதியோடு எழுதி வைக்கிறேன்.