தின்னனூரில் ஒரு திங்கட்கிழமை

சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி ஏறினால் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டியதும் திருநின்றவூர். பேச்சில் தின்னனூர்தான். அந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கியதில்லை. அம்மாதான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், "பூசலார் கோயிலுக்கு எனக்குப் பதிலா நீ ஒரு நடை போயிட்டு வாடி" என்று. போன மாதம் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சுவாமி பெயர் இருதயாலீஸ்வரர், அம்பாள் மரகதாம்பிகை. நெஞ்சுக்குள் கோயில் கொண்டவர் என்பதால் இதய நோய்க்காரர்கள் இங்கே வந்து வேண்டிக்கொள்வது வழக்கம், அதிலும் திங்கட்கிழமைகளில். வரிசையில் எனக்கு முன்னால் அறுபது வயதுக்காரர் ஒருவர் மஞ்சப்பையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நின்றார், பக்கத்தில் மனைவி. குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டபோது அவர் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா சொல்லிவிட்டார். திரை விலகி தீபாராதனை காட்டும்போது எல்லாரும் உள்ளே பார்த்துக்கொண்டிருக்க, அவர் முந்தானையால் கணவரின் பிடரி வியர்வையைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் சுவாமியைப் பார்த்துக் கை கூப்பினார். எனக்கென்னவோ அந்தத் துடைப்பும் அர்ச்சனையில் சேர்ந்தது மாதிரிதான் இருந்தது.

கருவறையில் லிங்கத்தோடு பூசலாரும் இருக்கிறார். மற்ற சிவன் கோயில்களில் அறுபத்து மூவரும் பிராகாரத்தில் வரிசையாக நிற்பார்கள், இங்கே இவர் உள்ளேயே, கூடவே. அவர் கட்டிய கோயில் அல்லவா.

கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. சிவனுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று பூசலாருக்கு ஆசை. பொருள் தேடி அலைந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன செய்வேன் என்று நைந்துபோய், கடைசியில் மனசுக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார். அலைந்து, கிடைக்காமல், அதற்கப்புறம்தான் மனசு என்பது முக்கியம். மனசே கோயில், போகத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு நாமெல்லாம் சும்மா இருந்துவிடுகிறோமே, அது வேறு, இது வேறு.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நினைப்பில்தானே கட்டுகிறார், ஒரே நொடியில் பொன்னாலேயே எழுப்பியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. நினைப்பிலேயே நிதி சேர்த்தார், சாமான் சேர்த்தார், தச்சர்களை வரவழைத்தார், ஆகமப்படி நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டார், ராத்திரி தூங்காமல் ஒவ்வொரு அடுக்காக ஏற்றினார், ஸ்தூபி நட்டார், சுதை வேலை முடித்தார். அதோடு விடவில்லை, கிணறு வெட்டினார், மதில் எழுப்பினார், குளம் தோண்டினார். மனசில் கட்டுகிற கோயிலுக்குக் கிணறு எதற்கு என்று சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "அபிஷேகத்துக்குத் தண்ணி வேணாமா?" என்றாள், இது கூடத் தெரியாதா என்பது போல. கண்ணப்பர் கதை கேட்டால் கண்ணீர் வரும், கண்ணையே தோண்டிக் கொடுத்தவர். பூசலார் கதையில் ரத்தமில்லை, ஓர் ஆள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனால் யார் கண்ணிலும் படாத ஒரு கோயிலில் கிணற்றைக்கூட மறக்காமல் வெட்டுகிற அந்தப் பாசம்தான் பக்தியில் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

அதே சமயத்தில் காஞ்சியில் அரசன் பெரிய கற்கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். இருவருக்கும் ஒரே நாள் அமைந்துவிட்டது. முந்தின ராத்திரி சிவன் அரசனின் கனவில் வந்து, நாளைக்கு நான் நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். அரசன் பதறி இந்த ஊருக்கு ஓடிவந்து கோயில் எங்கே என்று கேட்டால், ஊரில் யாருக்கும் தெரியாது! பூசலாரைத் தேடிப்போய் அவர் வாயால் விவரம் கேட்டதும் காலில் விழுந்தான். சேக்கிழார் காடவர்கோன் என்று சொல்லும் அந்த அரசனை, கைலாசநாதர் கோயில் கட்டிய ராஜசிம்ம பல்லவன் என்று பலரும் சொல்வார்கள். அந்தக் கோயிலின் வடமொழிக் கல்வெட்டில், இந்தக் கலியுகத்திலும் அவன் அசரீரி கேட்டான், என்ன ஆச்சரியம் என்று பொறித்திருக்கிறது. இது தெரிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நடை சாத்துவதற்குள் பக்தவத்சலப் பெருமாளையும் பார்த்துவிட்டேன், இந்த ஊர் திவ்யதேசமும்கூட. அங்கே தாயாருக்குப் பெயரே 'என்னைப் பெற்ற தாயார்'. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, ஓடிவந்து வண்டி பிடித்தேன்.

அம்மாவுக்கு மூட்டு தேய்ந்து, மாடிப்படி இறங்கியே இரண்டு வருஷமாகிறது. முன்பெல்லாம் பிரதோஷம் தவறமாட்டாள். இப்போது சாயங்காலம் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள், விரல்கள் மட்டும் பூத்தொடுக்கிற மாதிரி மெல்ல அசையும். ஒரு தடவை காபி கொண்டுபோய்க் கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறக்காமலே, "இருடி, இப்பதான் கொடிமரம் தாண்டியிருக்கேன்" என்றாள். காபி ஆறிப்போகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றிருக்கிறேன்.

திருநீறை நெற்றியில் இட்டதும், "வாசல்லேருந்து ஒவ்வொண்ணா சொல்லு" என்றாள். எனக்குத் தெரிந்தவரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன், செருப்பு விட்ட இடம், விளக்கு, கூட்டம், பூசலார், அந்த முந்தானை எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"நந்திக்கு என்ன பூ சாத்தியிருந்தாங்க?"

"கவனிக்கலம்மா."

"அதைப் பாக்காம வந்துட்டியே. அப்ப நான் எப்படி உள்ள போறது?"

வருகிற திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லிவிட்டேன்.